கேள்வி இல்லாத கடிதம்

“நாப்பதுக்கு நாப்பது வாங்குற புள்ளைக்கு ஒரு கடுதாசி படிக்கத் தெரியல சார். அப்ப நான் என்னத்தத்தான் சொல்லிக் குடுத்தேன்?”

லோகேஸ்வரி இதைக் கேட்டது யாப் சாரிடம். போன வாரமும் இதையேதான் கேட்டாள். அந்தக் கடிதத்தைக் கொண்டுவா என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். இன்று கொண்டுவந்திருந்தாள்.

அவள் பீடோர் என்கிற சின்ன ஊரில் ஆங்கில டியூசன் நடத்துகிறவள். வருவதெல்லாம் சீனப் பள்ளிப் பிள்ளைகள். வீட்டில் கண்டனீஸ், பள்ளியில் மாண்டரின், கடைக்குப் போனால் மலாய். ஆங்கிலம் அவர்களுக்குச் சோதனைத் தாளில் மட்டும் எதிர்ப்படும் சங்கதி.

யாப் சார் ஒரு காலத்தில் அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். வேலை ஓய்வுக்குப் பிறகு பக்கத்து ஊரான தாப்பாவில் இருக்கிறார். கித்தாத் தோட்டத்தில், ரப்பர் பால் வெட்டும் தமிழர்களுக்கு நடுவே, ஒரு சீனக் கடையில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் நம்மைவிட நன்றாகவே வரும். எதைக் கேட்டாலும் முழுசாகப் பதில் சொல்லமாட்டார். அதனால் சிலர் அவரை ஞானி என்றார்கள், சிலர் கஞ்சன் என்றார்கள்.

நடந்தது இதுதான்.

நீளமான ஆங்கிலப் பத்தியைக் கண்டாலே அந்தப் பிள்ளைகள் தாளை மூடி வைத்துவிடுவார்கள். லோகேஸ்வரி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். பத்தியைப் படிக்காதே. கேள்வியை முதலில் படி. கேள்வியில் இருக்கிற சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடு. தேதி, பெயர், ஊர் எது வந்தாலும் வட்டம் போடு. அந்த வரியை எடுத்து எழுது. சந்தைக்குப் போனால் மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும், வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பாள்.

பலித்தது. தோற்றுக்கொண்டிருந்த பிள்ளைகள் தேறினார்கள். இலக்கணத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புவதற்கும் இப்படி ஒரு வழி வைத்திருந்தாள், அதுவும் பலித்தது. சீனப் புத்தாண்டுக்கு அவள் வீட்டு வாசலில் ஆரஞ்சுப் பெட்டிகள் அடுக்கடுக்காக வந்து இறங்கின. அவளுக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிருந்தது.

அவர்களில் கெட்டிக்காரி சூ யிங். வயது பதினாறு. அப்பா மீன் உருண்டை போட்ட மீ நூடுல்ஸ் விற்கிறவர். அவருக்குச் சர்க்கரை வியாதி, கால் கட்டைவிரலில் ஆறாத புண், விரல் கறுத்துக்கொண்டு வந்தது. ஈப்போவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அங்கிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. அந்த வீட்டில் ஆங்கிலம் தெரிந்தது சூ யிங்குக்கு மட்டும்தான்.

எப்போது வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று அப்பா கேட்டார். சூ யிங் கடிதத்தில் தேதியைத் தேடினாள், கிடைத்தது, வட்டம் போட்டாள். இருபத்தொன்றாம் தேதி.

கீழே இன்னும் ஐந்தாறு வரிகள் இருந்தன. கறுப்பு விரலைத் தாண்டி மேலே ஏறினால் அந்தத் தேதிவரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தது.

கறுப்பு ஏறியது. கடிதம் சொன்ன தேதி வரட்டும் என்று ஒன்பது நாள் காத்திருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

மற்ற வரிகளை ஏன் விட்டாய் என்று லோகேஸ்வரி அவளைக் கேட்டாள். சூ யிங் சாக்குச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

“அப்பா தேதியைத்தான் கேட்டார் டீச்சர். மற்ற வரிகளுக்குக் கேள்வி இல்லையே.”

அன்றோடு லோகேஸ்வரிக்குத் தூக்கம் போனது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவளுடைய சுரைக்காய் ஒரு மனிதனின் காலையே வாங்கிவிட்டது. டியூசனுக்கு இரண்டு வாரம் விடுமுறை விட்டாள். மூன்றாவது வாரம் எப்படித் திறப்பது என்று தெரியவில்லை.

யாப் சார் கடிதத்தை வாங்கினார். பிரிக்கவில்லை.

“இத எங்க வாங்குன?”

“அவங்க வீட்டுல சார்.”

“அப்பன்காரன் இருந்தானா?”

“இருந்தாரு.”

“எப்படி இருந்தான்?”

லோகேஸ்வரி யோசித்துப் பார்த்தாள். அவள் போனது கடிதத்துக்கு. கேட்டாள், கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“கவனிக்கல சார்.”

“புள்ள?”

“தெரியல.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. தான் இங்கே வெந்துகொண்டிருக்கும்போது இவர் யார் யாரையோ விசாரிக்கிறாரே என்று இருந்தது. மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டினாள். சோதனைக்கு இன்னும் இரண்டே மாதம். பத்தியை முழுசாகப் படி என்று இப்போது சொன்னால் பாதிப் பிள்ளைகள் நேரம் போதாமல் தோற்றுப்போவார்கள். படிக்காதே என்றால் நாளைக்கு இன்னொரு வீட்டுக்கு இன்னொரு கடிதம் வரும். இரண்டில் எதைச் செய்தாலும் பாவம்.

“ஒரே ஒரு பதில் சொல்லுங்க சார். டியூசன மூடிடவா, நடத்தவா?”

“நீ வந்து எவ்வளவு நேரமாச்சு?”

“முக்கா மணி நேரம் இருக்கும்.”

“இவ்வளவு நேரமா என்ன படிச்ச?”

“நான் படிக்கவா வந்தேன்? கேக்க வந்தேன் சார்.”

அவர் கடிதத்தை அவளிடம் திருப்பி நீட்டினார்.

வாங்கக் கையை நீட்டியபோதுதான் அவருடைய சட்டைக் கை அவள் கண்ணில் பட்டது. அதில் சதுரமாக ஒரு சின்னக் கறுப்புத் துணி, ஊசியால் குத்தியிருந்தது. சீனர் வீட்டில் சாவு விழுந்தால் குத்திக்கொள்வது. ஆண் போனால் இடது கையில், பெண் போனால் வலது கையில். பத்து வருஷம் சீனப் பிள்ளைகளோடு புழங்கியவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வலது கையில் இருந்தது.

அந்த வீட்டில் பெண் என்று இருந்தது ஒருவர்தான். அவர் மனைவி. ஆண்ட்டி, ஆண்ட்டி என்று இவள் வாய் நிறையக் கூப்பிடுகிறவர், இவளுக்குப் பதினாறு வயதிலிருந்து கோப்பி கலக்கிக் கொடுத்தவர்.

லோகேஸ்வரி நிமிர்ந்தாள். எதிர்ச் சுவரில் ஆண்ட்டியின் படம். அதன் கீழே ஊதுபத்திச் சாம்பல். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேராகத்தான் இருந்தது.

“எப்ப சார்?”

“நாப்பது நாளாச்சு.”

அவள் மனதுக்குள் நாட்களை எண்ணினாள்.

“அப்ப, போன வாரம் நான் வந்தப்ப...”

“ஆமா.”

அவர் கடிதத்தை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

“போறப்ப, ஆண்ட்டியக் கேட்டதாச் சொல்லுங்கன்னுட்டுப் போன. சொல்லிட்டேன்.”