கிரைண்டர் உண்டியல்

முட்டாள்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கோயம்புத்தூரில் எங்களுக்கு மட்டும் மாதச் சம்பளமும் ஏசி அறையும் கொடுத்து, கதவில் ‘கிரியேட்டிவ் டீம்’ என்று பலகையும் மாட்டி வைத்திருந்தார்கள். விளம்பரக் கம்பெனி. குழந்தைவேலு படம் வரைவான், யாஸ்மின் வீடியோ எடுப்பாள், நான் வசனம் எழுதுவேன். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்று இருந்தது. அதுவும் அந்த வாரம் லீவில் போயிருந்தது.

ஆபீசுக்குப் பின்தெருவில் ஒரு குழந்தைகள் காப்பகம். அங்கே கிரைண்டர் எரிந்துபோனதிலிருந்து பிள்ளைகளுக்குக் காலையில் தினமும் உப்புமாதான். சமையல் பார்க்கும் சகாயமேரி அக்கா என்னிடம் வந்து அழாக்குறையாகச் சொன்னார்.

“சாமி, இன்னொரு நாள் உப்புமா கிண்டுனா பிள்ளைங்க என்னையக் கிண்டிப்போடுமுங்க.”

எனக்கு மனசு கேட்கவில்லை. “ஞாயித்துக்கிழமை இட்லிதானுங்க அக்கா, என் பொறுப்பு” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். விளம்பரம் எழுதுகிறவனுக்கு வாக்குக் கொடுக்கவா தெரியாது!

முதலாளி நாச்சிமுத்து அண்ணன் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே உத்தரவு போட்டார்.

“நல்ல காரியம். சந்தையில உண்டியல் குலுக்குங்க. வாயைக் கட்டி வயித்தைக் கட்டியாவது சேர்த்துப்போடோணும். உண்டியலைப் பார்த்ததுமே சனங்களுக்குக் கிரைண்டர்னு தெரியோணும். ஒண்ணு சொல்லிப்போட்டேன், உண்டியல்ல எவனும் கை வைக்கக் கூடாது!”

குழந்தைவேலு தெர்மாகோலில் ஒரு கிரைண்டர் செய்தான். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு விபூதி கேட்டார்கள். ஆகவே அவசரக் கூட்டம் போட்டோம்.

“பார்த்ததுமே கிரைண்டர்னு தெரியோணும்னா, அது கிரைண்டராவே இருக்கோணும்” என்றாள் யாஸ்மின்.

“அதுக்கு எங்க போறது?” என்றான் குழந்தைவேலு.

“கடைக்கு” என்றேன் நான்.

இந்த யோசனை யாருடையது என்பதில் எங்களுக்குள் இன்றும் தகராறு உண்டு. ஆளாளுக்குத் தன்னுடையது என்கிறோம். எப்படியோ, மூவரும் சம்பளத்திலிருந்து போட்டு, கடையில் புதுக் கிரைண்டர் ஒன்று வாங்கிவிட்டோம். உள்ளே பெரிய குழவிக்கல் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. காசு விழ இடம் வேண்டாமா? கல்லைத் தூக்கி ஆபீஸ் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம்.

சனிக்கிழமை காலை கிரைண்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சந்தைக்குப் போனோம். முதலாளி சொன்னபடி வாயைத் துண்டால் கட்டினோம், வயிற்றைக் கயிற்றால் கட்டினோம். பிறகு வண்டியைப் பிடித்துக் குலுக்கினோம்.

“என்ன கோரிக்கைங்க?” என்று கேட்டார் ஒரு காய்கறிக்காரர்.

வாய் கட்டியிருந்ததால் “ம்ம்” என்றோம். உண்ணாவிரதம் என்று செய்தி பரவிவிட்டது. இரக்கப்பட்டுச் சிலர் காசு போட்டார்கள். தூக்குவாளியோடு வந்த ஒரு அம்மா, ஊறவைத்த அரிசியை உள்ளே கொட்டிவிட்டு, “நைசா ஆட்டி வை கண்ணு, கத்திரிக்காய் வாங்கிட்டு வந்தர்றேன்” என்று போய்விட்டார். எடுக்கலாம் என்றால் உண்டியலில் கை வைக்கக் கூடாதே! மூவரும் கண்ணீர் மல்க அரிசியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்தக் கண்ணீரைப் பார்த்து மனம் இளகிய வட்டாரப் பிரமுகர் ஒருவர், கேமராக்காரரோடு வந்து சேர்ந்தார். கோரிக்கையெல்லாம் நிறைவேறும் என்று முழங்கிவிட்டு, எலுமிச்சைச் சாறு கொடுத்து உண்ணாவிரதத்தை முடித்துவைத்தார். துண்டு வழியாகவே குடித்தோம். வடிகட்டின ஜூஸ், வடிகட்டின முட்டாள்கள்.

ஆபீசுக்கு வந்து, கை வைக்காமல் கரண்டியால் காசை அள்ளினோம். ஈர நோட்டுகளைக் கொடி கட்டிக் காயப்போட்டோம். எத்தனை முறை எண்ணினாலும் ஒரு கிரைண்டர் வாங்கப் போதவில்லை. அந்த நேரம் பார்த்து சகாயமேரி அக்கா போன் செய்தார்.

“சாமி, அரிசி உளுந்து ஊறப்போட்டுட்டனுங்க. வந்துருமில்ல?”

“வந்துருமுங்க” என்றேன். ஊறினதை ஆட்டாவிட்டால் அதுவும் வீண், பிள்ளைகளுக்கு மறுபடியும் உப்புமா.

யாஸ்மின்தான் வழி சொன்னாள். “உண்டியல் வேலை முடிஞ்சுதல்ல? அதை வித்துப்போடலாமுங்ணா.”

அடடா! இதுவல்லவா மூளை என்று, தள்ளுவண்டியை அதே கடைக்குத் தள்ளினோம். கல் இல்லாததால் பாதி விலைதான் என்றார் கடைக்காரர். அதை வாங்கி வசூலோடு சேர்த்து அவரிடமே நீட்டினோம்.

“என்னங்க இது?”

“ஒரு கிரைண்டர் கொடுங்க.”

கடைக்காரர் எங்கள் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏனுங்க தம்பி, இப்பத்தான ஒரு கிரைண்டரை வித்தீங்க?”

குழந்தைவேலு பொறுமையாக விளக்கினான். “அது உண்டியலுங்க. எங்களுக்கு வேண்டியது கிரைண்டர்.”

அவர் காசை எண்ணிப் பெட்டியில் போட்டார். புதுக் கிரைண்டரை எடுத்துக்கொண்டு வரும் வழியில் முதலாளிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னோம். அவருக்குப் பரம சந்தோஷம்.

“பிள்ளைங்க சாப்பிடற சமாச்சாரம், கவனமாப் பார்த்துக்கங்கப்பா. ஒரு கல்லு இருக்கக் கூடாது.”

நல்லவேளை சொன்னார். திறந்து பார்த்தால் உள்ளேயே ஒன்று இருந்தது! தூக்கி, ஆபீஸ் கதவுக்கு இரண்டாவது முட்டாக வைத்துவிட்டுக் காப்பகத்துக்குப் போனோம்.

சகாயமேரி அக்கா கும்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூடியைத் திறந்தார்.

“கல்லு எங்கீங்க?”

“ஒண்ணுகூட இல்லீங்க அக்கா” என்றேன் பெருமையாக. “நாங்களே பார்த்து எடுத்துட்டோம்.”

எடுத்த கல்லை எங்கே வைத்தோம் என்று கேட்டுக்கொண்டு, அக்கா எங்களோடு ஆபீசுக்கு நடந்தார். கதவடியில் இருந்த கற்களில் ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினார். தேய்த்துக் கழுவி, நாங்கள் தடுத்தும் கேளாமல் உள்ளே போட்டு, ஓட விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை காப்பகமே இட்லி வாசனை. பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சாப்பிட்டதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அக்கா எங்களுக்கும் தட்டு வைத்தார். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவு பெரிய கல்லைப் போட்டு ஆட்டியதை எங்கள் கண்ணாலேயே பார்த்தோமே!

“எங்களுக்கு மட்டும் கொஞ்சம் உப்புமா கிண்டிருங்க அக்கா” என்றேன்.