மிளகாய் மண்டியின் முதல் நிறம்

கொண்டலூர்க் கடைத்தெருவில் வயதில் மூத்த கட்டடம் மாசிலாமணியின் மிளகாய் மண்டிதான். அந்தத் தெருவை இடித்துச் சாலையை அகலமாக்குவதா, பழமையான தெரு என்று பட்டியலில் சேர்த்துக் காப்பாற்றுவதா என்று முடிவு செய்ய ஓர் அதிகாரியம்மா வந்தார். மண்டி முகப்பின் கிளிப்பச்சையைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“சுவரைச் சுரண்டிப் பாருங்க. எல்லாத்துக்கும் அடியில எந்த நிறம் இருக்கோ, அதையே அடிங்க. அப்பத்தான் பட்டியல்ல சேர்க்க முடியும். வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன்.”

மண்டி போனால் பிழைப்பே போச்சு. மாசிலாமணி உடனே மைத்துனன் கொப்பையாவையும் பெயின்டர் வெள்ளைக்கண்ணுவையும் கூட்டிவந்து சுரண்ட ஆரம்பித்தார்.

பச்சைக்கு அடியில் நீலம் வந்தது. அதற்கு அடியில் காவி. அதற்கும் அடியில் சுண்ணாம்பு வெள்ளை.

“இதுதான் முதலாளி, முதல் நிறம்” என்றான் வெள்ளைக்கண்ணு.

“வெள்ளைக்கு அடியில என்ன இருக்கு?”

“பூச்சு இருக்கும். அப்புறம் செங்கல்.”

“அந்தம்மா எல்லாத்துக்கும் அடியிலன்னு சொல்லிருக்கு. நீ பாதியில நிறுத்துறியே?”

நியாயமான பேச்சு. கடப்பாரை வந்தது.

இரண்டு நாள் இடித்தபின் செங்கல் முடிந்து, மறுபடியும் சுண்ணாம்பு வெள்ளை எட்டிப்பார்த்தது. கொப்பையா பதறிப்போனான்.

“மச்சான், வெள்ளை திரும்ப வந்துடுச்சே! வந்த வழியிலேயே திரும்பிப் போறோமா?”

“அடுத்தது காவி வந்தா அப்ப பயப்படலாம் மாப்பிள்ளை. நீ குத்து.”

குத்தினான். ஓட்டை விழுந்தது. அதற்குள் செக்கச்செவேல் என்று ஒரு நிறம்! மண்டிக்குள் குவித்திருந்த வற்றல் மிளகாய்தான் அது. மூவரும் பயபக்தியோடு கைகூப்பினார்கள்.

வெள்ளைக்கண்ணு சிவப்பு பெயின்ட் வாங்கிவருவதற்குள் ஒரு வியாபாரி மிளகாயை அள்ளிப்போய்விட்டார். பின்னாலிருந்த மஞ்சள் குவியல் ஓட்டையில் தெரிந்தது.

“அதுக்குள்ள வெளுத்துப்போச்சே!” என்றான் கொப்பையா.

“பழைய நிறமில்லையா, வெயில் தாங்கல” என்று பெருமூச்சு விட்டார் மாசிலாமணி. அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்தால் வெள்ளிக்கிழமை.

காலையில் அதிகாரியம்மா பின்வாசல் வழியாக மண்டிக்குள் நுழைந்தார். சுவரில் வெளிச்சம் ஒழுகும் ஓட்டையைப் பார்த்துத் திடுக்கிட்டு, குனிந்து அதில் கண்ணை வைத்தார். கடைசியாக ஒருமுறை நிறத்தைச் சரிபார்த்துவிடலாம் என்று, தெருப்பக்கமிருந்து மாசிலாமணியும் அப்போதுதான் கண்ணை வைத்தார்.

“கிடைச்சுடுச்சு! நடுவுல கறுப்பு, சுத்தி வெள்ளை!” என்று கத்தினார். பிறகு குரல் இறங்கியது. “ஆனா… சிமிட்டுதுப்பா.”

வெள்ளைக்கண்ணு தாடையைத் தடவிக்கொண்டான். “சிமிட்டுற பெயின்ட் நம்ம பக்கம் கிடைக்காது முதலாளி. மதுரைக்குத்தான் போகணும்.”

“போ. முழுச் சுவருக்கும் சேர்த்தே வாங்கிடு” என்றார் மாசிலாமணி. “பாதிச் சுவர் சிமிட்டி, பாதிச் சுவர் முழிச்சுக்கிட்டு நின்னா அந்தம்மாவுக்குப் பிடிக்காது.”