கொக்கு நிற்காத திட்டு

அன்று தோணியில் இருந்தவர்கள்: முயல்கள் ஆறு, எலிகள் ஒன்பது, முள்ளெலி ஒன்று, சிறகொடிந்த கொக்கு ஒன்று, துடுப்புப் போடும் நீர்நாய் வீரணன். ஆக மொத்தம் பதினெட்டுப் பேர்.

கோடையில் ஏரி வற்றிக்கொண்டே வந்தது. இன்னும் நான்கு நாள் போனால், வடகரை நரிகள் இவர்கள் குடியிருந்த ஏரித் தீவுக்கு நடந்தே வந்துவிடும். அதற்குள் மேற்கே நரி நுழைய முடியாத முட்காட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். முயலுக்கும் எலிக்கும் அவ்வளவு தூரம் நீந்த வராது. வீரணனை நம்பித்தான் ஏறினார்கள்.

வழியில் வடகரையை ஒட்டி, கலங்கல் தண்ணீருக்கடியில் ஒரு மணல்திட்டு உண்டு. தினமும் அதன்மேல்தான் இந்தக் கொக்கு மீனுக்கு நிற்கும். அந்த வெள்ளையைக் கண்டதும் வீரணன் இடப்பக்கம் ஒதுங்கிப் போவான்.

"அண்ணே, நான் நிற்கிற இடம் இன்று காலி. பார்த்துப் போங்கள்!" என்றது கொக்கு, அவன் காலடியில் சுருண்டு கிடந்தபடி.

"நானூற்றுப் பன்னிரண்டு தடவை போன வழி! எனக்கா சொல்கிறாய்?"

"துடுப்பை இறக்கி ஆழம் பார்க்கலாமே, அண்ணே!" என்றது தாய் முயல்.

"உன் வளைக்குள் நீ தடவித் தடவியா போகிறாய்? சும்மா உட்கார்!"

எலிகள் சிரித்தன. தோணி வேகமாகப் போனது.

வீரணன் முன்னால் பார்த்தான். வெள்ளை எதுவும் தெரியவில்லை. 'அப்படியானால் திட்டு இன்னும் வரவில்லை' என்று இன்னும் வலுவாகத் துடுப்புப் போட்டான்.

கரகரவென்று அடிப்பலகை உரசியது. தோணி நின்றது.

திட்டுக்கும் கரைக்கும் நடுவே நரிக்கு முழங்கால் தண்ணீர்தான்.

"வீரணா, வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டாயே!" என்று கத்திக்கொண்டே நான்கு நரிகள் தண்ணீரில் இறங்கின.

வீரணன் குதித்துத் தோளால் முட்டினான். தோணி அசையவில்லை.

"பாரம் குறையட்டும், அண்ணே!" என்று கொக்கு இறங்கியது. தான் எப்போதும் நிற்கும் இடத்திலேயே போய் நின்றது. அப்போதும் தோணி அசையவில்லை.

"என் குட்டிகளையாவது கொண்டு போங்கள்!" என்று அலறியது தாய் முயல்.

வீரணன் கை நீட்டுவதற்குள் இரண்டு எலிகள் அவன் முதுகில் தாவிவிட்டன. முதல் நரி தோணியில் கால் வைத்தது. அவன் எலிகளோடு ஆழத்துக்குத் தப்பினான். அவற்றை முட்காட்டில் விட்டுவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

தோணி காலியாக இருந்தது. வீரணன் பேர் பேராகக் கூப்பிட்டான். திட்டின்மேல் வெள்ளை இறகுகள் மிதந்தன. அந்த வெள்ளையைப் பார்த்ததும், பழக்கத்தில், அவன் உடம்பு தானாக இடப்பக்கம் ஒதுங்கியது.

பழகிய தண்ணீர் என்று ஆழம் பார்க்காமல் போகிறவன், தன்னை நம்பி வந்தவர்களைத்தான் முதலில் பலி கொடுக்கிறான். அன்று பதினெட்டுப் பேரில் மிஞ்சியது மூன்று.