மொட்டூரணி பஸ்ஸைக் காப்பாற்றிய கதை

மொட்டூரணி எங்கே இருக்கிறது என்று யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் மொட்டூரணிக்காரர்களே வந்து வழி சொல்லுவார்கள். அப்புறம் நீங்கள் வீடு போய்ச் சேரமாட்டீர்கள்.

அந்த ஊருக்கு ஒரே ஒரு அரசு டவுன் பஸ். ஏழு பி. வளையபுரத்திலிருந்து வரும், திரும்பிப் போகும், மறுபடி வரும். அதன் மேல் ஊருக்கு அப்படி ஒரு பாசம். வந்து நின்றதும் கண்ணாடிக்குச் சந்தனம் வைப்பார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். ஒரு கோடையில் என்ஜினுக்குச் சூடு பிடித்துவிடும் என்று மோர்கூட ஊற்றிப் பார்த்தார்கள். டிரைவர் அழுததால் நிறுத்திக்கொண்டார்கள்.

ஏறுவது மட்டும் கிடையாது.

“ஏறினா தேஞ்சிரும்ல?” என்பார் சன்னாசி. ஊரிலேயே அதிகம் யோசிக்கிறவர் அவர்தான். அதனாலேயே அதிகச் சேதமும் அவரால்தான்.

டவுனுக்கு வேலை இருப்பவர்கள் பஸ் கிளம்பியதும் அதன் பின்னாலேயே நடப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பஸ் கண்ணுக்கு மறைந்துவிடும். ஆனாலும் நம்ம பஸ் நமக்கு முன்னாலே போகிறது என்ற தெம்பு இருக்கிறதே, அது போதும்.

இப்படி இருக்கையில் ஆண்டிச்சாமி மகள் பூமயிலுக்குச் சம்பந்தம் வந்தது. தேக்கங்குளத்து வீரணன் தன் மகன் தவசிக்குப் பெண் கேட்டார். வீரணனுக்குச் சீர் வேண்டாம், செனத்தி வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை.

“பஸ் போற ஊரா இருக்கணும். மூத்தவனுக்குப் பொண்ணு எடுத்த ஊர்ல பஸ் கிடையாது. ஒருதடவ போயி கரிசக்காட்டுச் சேத்துல ஒரு செருப்பு போச்சு. இன்னொரு செருப்ப என்ன பண்றதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.”

“எங்க ஊருக்குப் பஸ் வரும் சம்பந்தி. புதுசு மாதிரியே இருக்கும். ஒருத்தர்கூட உட்கார்ந்ததில்ல” என்றார் ஆண்டிச்சாமி பெருமையாக.

ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். குறித்த மறுநாளே கண்டக்டர் இறங்கி வந்து குண்டைப் போட்டார்.

“என்னண்ணே சந்தனம் வைக்கிறீங்க? அடுத்த மாசத்தோட இந்த வண்டிய எடுக்கப் போறாங்க. வசூலே இல்ல!”

ஆண்டிச்சாமிக்கு வேட்டி அவிழ்ந்ததே தெரியவில்லை. பஸ் நின்றால் கல்யாணம் நிற்கும். உடனே அவரும், அவர் தங்கச்சி விருமாயியும், சன்னாசியும் பஸ்ஸுக்குப் பின்னால் நடந்தே வளையபுரம் டெப்போவுக்குப் போனார்கள்.

டெப்போ மேலாளர் நல்ல மனுஷர். ஆனால் பேசினால் சுற்றறிக்கை வாசிக்கிற மாதிரியே இருக்கும்.

“அதாவது பாருங்க. டிக்கெட் காசு டீசலுக்கே காணாது. மீதிய அரசாங்கம் குடுக்குது. அரசாங்கத்துக்கு எங்கருந்து வருது? வண்டி வாங்கினா வரி, டீசல் வாங்கினா வரி. அந்தப் பணத்துலதான் ரோடும் பஸ்ஸும். பொம்பளைங்களுக்கு டிக்கெட் இலவசம். ஆனா ஒவ்வொரு பொம்பளை ஏறினதுக்கும் அரசாங்கம் எங்களுக்குத் தனியா பணம் குடுத்திரும். புரியுதா?”

“புரியுது” என்றார்கள் மூவரும். அங்கேதான் தப்பு நடந்தது.

திரும்பி வந்ததும் ஊர் கூடியது.

“டீசல் வாங்கினா வரி. வரி போனா பஸ் நிக்காது. அப்ப நாம டீசல் வாங்கணும்” என்றார் சன்னாசி.

“வாங்கி?” என்றாள் விருமாயி.

“எரிக்கணும். பஸ்ஸும் அதத்தான செய்யுது?”

“பஸ் எரிச்சா ஓடுதேண்ணே?”

“அது அதோட பழக்கம் தங்கச்சி. நமக்கு ஓடுற வேலையா இருக்கு? வரி போற வேலைதான?”

கல்யாணப் பந்தலுக்கு வைத்திருந்த பணத்தில் கேன் கேனாக டீசல் வந்தது. பந்திக்கு வைத்திருந்த அண்டாவை பஸ் ஸ்டாப்பில் இறக்கி, ஊற்றி, பற்றவைத்தார்கள். கரும்புகை எழுந்தது. ஊரே கைகூப்பி நின்றது. தாராளமாக இருமியது. அண்டா ஆறியதும், வளைவில் இருக்கும் பெரிய குழி மூடியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தார்கள். குழி அப்படியே இருந்தது.

“என்ன பங்காளி, இவ்வளவு எரிச்சும் ரோடு போடலையே?” என்றார் ஆண்டிச்சாமி.

“அவசரப்படாத. காசு சென்னைக்குப் போயி, அங்க எல்லாரும் அதப் பாத்து, அப்புறம் திரும்பி வரணும். நம்ம பயக மாதிரி பஸ்ஸுக்குப் பின்னாடி நடந்துதான வரும்?”

குழிப் பணம் வருவதற்கு முன்னால் டெப்போ மேலாளர் ஜீப்பில் வந்துவிட்டார். டவுன் வரைக்கும் புகை போயிருந்தது. விஷயத்தைக் கேட்டவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சுற்றறிக்கை எல்லாம் காற்றில் போய், சொந்தக் குரல் வந்துவிட்டது.

“யோவ்! பஸ்ஸ காப்பாத்தணும்னா பஸ்ல ஏறுங்கய்யா! சீட்டு பூரா ஆள் இருக்கணும். எந்நேரம் பாத்தாலும் நிறைஞ்சு இருக்கணும். நிறைஞ்ச வண்டிய எந்தக் கொம்பனும் நிறுத்த முடியாது!”

“எந்நேரமும்னா... எப்பய்யா இறங்குறது?” என்றார் ஆண்டிச்சாமி.

“இறங்கவே வேணாம், போங்க!” என்று கத்திவிட்டு மேலாளர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஊர் மறுபடியும் கூடியது. பிறகு சன்னாசி தொண்டையைச் செருமினார்.

“ஏறினா தேயும். ஏறாட்டி போயிரும். தேஞ்ச பஸ் இருக்கிறது நல்லதா, தேயாத பஸ் இல்லாம இருக்கிறது நல்லதா?”

வாக்கெடுப்பு நடந்தது. தேய்ந்தாலும் பரவாயில்லை என்ற கட்சி ஜெயித்தது. தோற்ற கட்சி, அப்படியானால் லேசாக உட்காருவோம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அதுவும் ஜெயித்தது.

மறுநாள் முதல் டிரிப்பிலேயே ஊர் மொத்தமும் ஏறியது. சீட்டெல்லாம் நிறைந்து, நடுவழியும் நிறைந்து, படியில் மட்டும் கண்டக்டர் இருந்தார். வளையபுரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றது. யாரும் இறங்கவில்லை.

“வளையபுரம் வளையபுரம்! எல்லாம் இறங்குங்க, கடைசி ஸ்டாப்பு!”

“நீங்க வேணா இறங்கிக்கங்க தம்பி. நாங்க இறங்கக் கூடாது. மேலாளர் உத்தரவு” என்றாள் விருமாயி.

கண்டக்டர் திரும்பிப் போவதற்கு டிக்கெட் கிழித்தார். ஆம்பளைகளிடம் காசு வாங்கினார். பொம்பளைகளுக்கு இலவசச் சீட்டு கொடுத்தார். அதைக் கவனித்துக்கொண்டிருந்த சன்னாசிக்குத் திடீரென்று ஞானம் வந்தது.

“பொம்பளை ஏறினா அரசாங்கமே பணம் குடுக்குது. நம்ம ஏறினா நம்ம பணம்தான் போகுது. அப்ப இந்த வண்டில சம்பாதிக்கிறது அவுக. நாமதான் தண்டமா வர்றோம்.”

அன்றிலிருந்து ஜன்னல் சீட்டெல்லாம் பொம்பளைகளுக்கு ஆனது. ஆம்பளைகள் எழுந்து நின்றார்கள். விருமாயி, “நகருங்கய்யா, சம்பாதிக்கிறவ வர்றேன்” என்று சொல்லித்தான் உட்காருவாள்.

பஸ் போவதும் வருவதுமாக இருந்தது. ஊர் உள்ளேயே இருந்தது. கஞ்சி குடிப்பது, பேன் பார்ப்பது, பங்காளிச் சண்டை, சமாதானம் எல்லாம் ஓடுகிற வண்டியிலேயே நடந்தன. கடைசி டிரிப் முடிந்து வண்டியை டெப்போவுக்கு எடுக்கும்போது மட்டும் மனசில்லாமல் இறங்கி வீட்டுக்கு நடந்தார்கள். ஒருநாள் பகலில் மொட்டூரணிக்கு ஒரு திருடன் வந்தான். எல்லாக் கதவும் திறந்திருந்தது, ஓர் ஆள் இல்லை. இது ஏதோ பெரிய பொறி என்று பயந்து ஓடிவிட்டான்.

ஆவணி வந்தது. முகூர்த்த நாளும் வந்தது.

வீரணன் தன் ஊர் சனம் முழுவதையும் தேங்காய்த் தட்டு, பழத் தட்டோடு வளையபுரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். வேன் பிடிக்கலாம் என்று சொன்னவர்களை முறைத்தார். “என் சம்பந்தி ஊருக்குப் பஸ் இருக்கு. பஸ்லதான் போவேன்!”

ஏழு பி வந்து நின்றது. வழிய வழிய ஆள். ஜன்னலோரம் பட்டுப்புடவையில் பூமயில். படியில் ஆண்டிச்சாமி தொங்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க சம்பந்தி! வாங்க மாப்பிள்ளை! எல்லாரும் வாங்க!” என்று வாய் நிறையக் கூப்பிட்டார். ஆனால் படியைவிட்டு நகரவில்லை.

“நகர்ந்தாத்தான சம்பந்தி ஏற முடியும்?”

“அதெப்படி நகர்றது? உங்களுக்காகத்தான இவ்வளவு நாளா இடத்த நிறைச்சு வச்சிருக்கோம்!”

“சரிய்யா, பாதிப்பேர் இறங்குங்க. நாங்க ஏறிக்கிறோம். அப்பவும் நிறைஞ்சுதான இருக்கும்?”

இது நியாயம்தானோ என்று ஆண்டிச்சாமிக்குத் தோன்றியது. சன்னாசியைப் பார்த்தார். சன்னாசி கம்பியைப் பிடித்தபடி யோசித்தார்.

“கூடாது பங்காளி. இவுக நம்ம ஊர்ல இறங்கிருவாக. நாம இறங்காத ஆளுக. இறங்குற ஆள நம்பி இறங்காத ஆளு இறங்கலாமா?”

கண்டக்டர் விசிலடித்தார். பஸ் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு நின்றார்கள். பஸ் போய்த் திரும்பி வந்தது. அதே ஆட்கள், அதே படி, அதே “வாங்க சம்பந்தி!” மறுபடியும் போய்விட்டது. மூன்றாம் முறை வந்தபோது வீரணன் கையிலிருந்த தேங்காயைத் தரையில் ஓங்கி அடித்தார்.

“பஸ் இல்லாத ஊர்லயாவது ஒத்தச் செருப்போட போயிச் சேர்ந்தேன்! இங்க பஸ் இருந்தும் போக முடியல. கல்யாணம் நின்னது! ஏலே தவசி, மாலையக் கழட்டுடா!”

ஜன்னலில் பூமயில் ஓவென்று அழுதாள். “மாமா! அவசரப்படாதீங்க மாமா! அடுத்த டிரிப்புல வந்து பேசிக்கிறேன் மாமா!”

“அண்ணே, நீ இறங்கிப் போயி சம்பந்தி கால்ல விழு!” என்றாள் விருமாயி.

“நான் இறங்கினா படி காலியாயிரும். பஸ்ஸ எடுத்துட்டா அவரு கால்ல விழுந்து என்ன புண்ணியம்?” ஆண்டிச்சாமி படியில் தொங்கியபடியே இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். கண்டக்டர் மட்டும் சட்டைக் காலரைப் பிடித்திருக்காவிட்டால், சம்பந்தி காலில் தானாகவே விழுந்திருப்பார்.

சத்தம் கேட்டு மேலாளர் ஓடி வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஏழு பி-யில் ஏற முடியாமல் வெளியே ஒரு கூட்டம்! அவருடைய சர்வீஸில் காணாத காட்சி. அவர் போனை எடுத்து மேலே பேசினார். மேலே இருந்தவர் அதற்கும் மேலே பேசினார். டெப்போவில் சும்மா நின்ற ஒரு பஸ் உறுமிக்கொண்டு வந்து ஏழு பி-க்குப் பக்கத்தில் நின்றது.

“அதாவது பாருங்க” என்று மேலாளர் பழைய குரலுக்கு வந்தார். “பயணிகளின் தேவை கருதி இந்த வழித்தடத்துக்குக் கூடுதலாக ஒரு பேருந்து. இன்று முதல்.”

வீரணன் முகம் மலர்ந்தது. “ரெண்டு பஸ்ஸா? என் மூத்த சம்பந்தி ஊர்ல ஒண்ணு கிடையாது, இவருக்கு ரெண்டா? மாலையப் போடுடா தவசி!”

அங்கேயே, இரண்டு பஸ்ஸுக்கும் நடுவில், மாப்பிள்ளை எட்டி ஜன்னல் வழியாகத் தாலி கட்டினான். டிரைவர்கள் இருவரும் ஹாரனை அழுத்திக் கெட்டிமேளம் வாசித்தார்கள். ஊர் அட்சதை போட்டது. ஆண்டிச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. புது பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பங்காளி, இத யாரு நிறைக்கிறது?”

அதுவரை குலவையிட்ட விருமாயி பாதியில் நிறுத்தினாள். எல்லோரும் புது பஸ்ஸைப் பார்த்தார்கள். அத்தனை சீட்டும் காலி.

“வசூல் இல்லாட்டி ரெண்டையும் எடுத்திருவாகளே” என்றார் சன்னாசி.

“பஸ்ஸ எடுத்தா சம்பந்தமும் கிடையாது, சொல்லிட்டேன்” என்றார் வீரணன். சொல்லிவிட்டுத் தன் சனத்தைத் திரும்பிப் பார்த்தார். கௌரவப் பிரச்சினை. “கவலைய விடுங்க சம்பந்தி. பொண்ணு வீட்டுக்காரக ஒரு பஸ்ஸ நிறைச்சா, மாப்பிள்ளை வீட்டுக்காரக ஒரு பஸ்ஸ நிறைக்க மாட்டோமா? ஏறுங்கய்யா எல்லாரும்! தவசி, முன் சீட்டு!”

“மாமா, அப்ப நான் எந்த பஸ்ஸு?” என்று கேட்டாள் பூமயில்.

ரொம்ப நேரம் விவாதம் நடந்தது. அவள் அந்த பஸ்ஸுக்குப் போனால் இதில் ஒரு சீட்டு காலி, அதுவும் சம்பாதிக்கிற சீட்டு. மாப்பிள்ளை இந்த பஸ்ஸுக்கு வந்தால் அதில் ஒரு சீட்டு காலி. எப்படிக் கூட்டிக் கழித்தும் கணக்கு உதைத்தது. கடைசியில் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று பெரியவர்கள் ஏகமனதாக முடிவு செய்தார்கள்.

ஐப்பசியில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், ஏழு பி படியில் தொங்கிக்கொண்டிருந்த ஆண்டிச்சாமியைப் பார்த்து ஓடிக்கொண்டே விசாரித்தார்.

“என்ன ஆண்டிச்சாமி, மக நல்லா இருக்காளா?”

“அமோகமா இருக்கா! சின்னப் பாலத்துல ரெண்டு பஸ்ஸும் ஒதுங்கிப் போறப்பல்லாம் புருஷன் பொண்டாட்டி பாத்துக்கிறாக. இதுவரைக்கும் ஒரு சண்டை சச்சரவு கிடையாது!”

“தலை தீபாவளி எப்படி?”

“அந்தா, புது பஸ் வருதுல்ல? போன டிரிப்புல ஜன்னல் வழியா மாப்பிள்ளை தலைக்கு எண்ணெய் வச்சாச்சு” என்று சொல்லிவிட்டு ஆண்டிச்சாமி உள்ளே திரும்பிக் கத்தினார். “விருமாயி, பாலம் வந்திருச்சு! சீயக்காயக் கரைச்சுக்க! பூமயிலு, வெந்நிய எடுத்து ஜன்னல்ட்ட வையி! டிரைவர் தம்பி, கொஞ்சம் மெதுவா... போனதடவ எண்ணெய் பூரா அவுக கண்டக்டர் தலைக்குப் போயிருச்சு!”