வேரோடு வந்த காளான்

மலையடிவாரத்தில் மழைக்குக் குறைவில்லாத ஒரு நாட்டை வெகு காலத்துக்கு முன்னால் செங்கோடவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தார். அவருக்குக் கோபம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. காலையில் ஒருவனை நாடு கடத்துவார், மாலையில் "அவனை ஏன் சபையில் காணோம்?" என்று கேட்பார்.

ராஜாவுக்குக் காளான் கறி என்றால் உயிர். இடி இடித்து மழை பெய்த மறுநாள் காட்டுக்குடிப் பெண் சடைச்சி ஒரு கூடைக் காளானோடு அரண்மனைக்கு வந்துவிடுவாள். தோட்டத்துக்கும் மடைப்பள்ளிக்கும் அதிகாரியான சிங்காரப்பெருமாளுக்கு அது பொறுக்காது. தான் வளர்த்த எந்தக் காய்க்கும் ராஜா இப்படி நாக்கைச் சப்புக்கொட்டியதில்லையே!

அந்த வருஷம் பிறந்தநாள் விருந்தில் காளான் கறி சாப்பிட்ட ராஜா ஒரு நாள் முழுக்க வாந்தி எடுத்தார். எழுந்து உட்கார்ந்ததும் சிங்காரப்பெருமாள் முந்திக்கொண்டார்.

"பிரபு, விஷம் இருட்டுக் காட்டில்தான் பிறக்கும். அவள் வேண்டுமென்றே கலந்திருக்கிறாள்."

"அந்தக் குடியையே காட்டைவிட்டு விரட்டு!" என்றார் ராஜா. பிறகு, புதிதாகச் சேர்ந்த இளைய மந்திரி பேச்சியப்பன் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்கிறாய்?"

பேச்சியப்பன் ஆட்டிடையர் வீட்டுப் பிள்ளை. அவன் வம்சத்தில் முதன்முதலாக ஏடு படித்தவன் அவன்தான். சபையில் வாய் திறக்கும்போதெல்லாம் உள்ளங்கை வியர்க்கும். ஆனாலும் பொய் வராது.

"எனக்குத் தெரியாது, அரசே."

சபை கொல்லென்று சிரித்தது. "தெரியாது என்று சொல்ல ஒரு மந்திரியா?" என்றார் சிங்காரப்பெருமாள்.

"தெரிந்துகொண்டு வருகிறேன். ஏழு நாள் கொடுங்கள். அதுவரை காட்டுக்குடிக் குடும்பங்கள் அங்கேயே இருக்கட்டும்."

"ஏழு நாள். எட்டாம் நாளும் தெரியாது என்றால் நீயும் அவர்களோடு கிளம்பு."

பேச்சியப்பன் நேராகக் காட்டுக்குப் போனான். சடைச்சி அவனை ஒரு கறையான் புற்றின் பக்கம் கூட்டிக்கொண்டு போய், ஒரு காளானைச் சுற்றிலும் மண்ணைத் தோண்டி வெளியே எடுத்தாள். குடைக்குக் கீழே முழங்கை நீளத்துக்கு வால் மாதிரி வேர் வந்தது.

"பாத்தியா சாமி, புத்துக்குள்ள இருந்து வர்ற வேரு. இது இருந்தாத்தான் கூடையில போடுவேன். மட்கின மரத்துல ஒண்ணு வரும், சாணம் கெடக்கிற எடத்துல ஒண்ணு வரும். தண்ணி, நெழலு, எரு எப்படியோ அப்படித்தான் அது மொளைக்கும். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் தொடமாட்டேன். எம் புள்ளைக்குத் தராததை ராசாவுக்குத் தருவேனா?"

"விருந்துக்கும் வேரோடுதான் கொடுத்தாயா அக்கா?"

"வேரோடத்தான். ஒங்க மடைப்பள்ளி வாசல்லயே வெட்டிப் போட்டுட்டாங்க. மண்ணு உள்ள போனா தீட்டாம்."

பேச்சியப்பன் மடைப்பள்ளிக்கு ஓடினான். வாசல் குப்பையில் எண்பது வேர் கிடந்தது. விருந்துக்கு நூற்றிருபது காளான் நறுக்கியதாகச் சமையல்காரர் சொன்னார். விருந்துக்கு முந்தின நாள் இரவு காளான்களைக் கவிழ்த்து வைத்திருந்த வெள்ளைத் துணியையும் எடுத்துக் காட்டினார். துணியின் ஒரு மூலையில் மட்டும் காளான் குடைகளிலிருந்து உதிர்ந்த பொடி பாசி நிறத்தில் வட்ட வட்டமாகப் படிந்திருந்தது. பேச்சியப்பன் உட்கார்ந்து எண்ணினான். சரியாக நாற்பது.

எட்டாம் நாள் சபை கூடியது. பேச்சியப்பன் சிங்காரப்பெருமாளைப் பார்த்துக் கைகூப்பினான்.

"ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். ராஜாவின் புல்வெளிக்கு யானைச் சாணம் போட்டு, தினமும் இரண்டு வேளை தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள். அவ்வளவு செய்தும் அங்கே ஒரு காளான்கூட முளைப்பதில்லையோ?"

சிங்காரப்பெருமாளுக்கு மீசை துடித்தது. "யாரைப் பார்த்துக் கேட்கிறாய்? இந்த மழைக்கு நாற்பது! ஒவ்வொன்றும் தாம்பாளம் அகலம்! காட்டுக்காரிகூட அப்படிக் கொண்டுவந்ததில்லை!"

"அடேயப்பா!" என்றார் ராஜா. "அந்த நாற்பதையும் என்ன செய்தாய்?"

சிங்காரப்பெருமாள் மடைப்பள்ளிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பேச்சியப்பன் துணியை விரித்தான். பக்கத்தில் இன்னொரு துணியையும் விரித்தான். "இதில் புல்வெளிக் காளானை நேற்று மாலை கவிழ்த்து வைத்தேன், அரசே. அதே பச்சைப் பொடி. சடைச்சியின் காளானில் இது விழாது. எருவும் ஈரமும் சேர்ந்த புல்வெளியில் தானாக வந்த விஷம் இது. யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை."

சிங்காரப்பெருமாள் காலில் விழுந்தார். "பிரபு, அந்த நாற்பதையும் கூடைக் காளானோடு நான்தான் கலந்தேன். நீங்கள் ருசித்துச் சாப்பிட்டபின், 'இது என் தோட்டத்தது' என்று சொல்ல ஆசைப்பட்டேன். விஷம் என்று தெரியாது. தெரிந்தபின் பயந்துவிட்டேன்."

"புல்வெளியில் மிச்சம் இருப்பதை நீயே தின்னு!" என்று ராஜா எழுந்தார். "என் தோட்டத்தில் இனி காளான் முளைக்கக் கூடாது என்று பறை அடியுங்கள்!"

"பறைச் சத்தம் அதன் காதில் விழாது, அரசே. சாணத்தைக் குறைத்தால் அதுவும் குறையும்" என்றான் பேச்சியப்பன். "இவரும் தின்ன வேண்டாம். தெரியாது என்று சொன்னால் சிரிக்கிற சபையில், தெரியாததை மறைக்கத்தான் தோன்றும்."

போன வாரம் தானும் சிரித்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, ராஜா மெதுவாக உட்கார்ந்தார். காட்டுக்குடி இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்றார். சடைச்சிக்குப் பட்டுச்சேலையும் பேச்சியப்பனுக்கு முத்துமாலையும் கொடுத்தார். இனிமேல் காளான் வேரோடுதான் மடைப்பள்ளிக்குள் நுழைய வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்த மழைக்காலம் முழுக்க, சிங்காரப்பெருமாள் சடைச்சியின் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு புற்றுப் புற்றாக அலைந்தார்.

அடுத்த இடி மழைக்குக் கறி வந்தது. ராஜா கிண்ணத்தையும் பேச்சியப்பனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாப்பிடலாமா, மந்திரி?"

"எனக்குத் தெரியாது, அரசே. சடைச்சியைக் கேட்க வேண்டும்."

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ராஜா கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியானால் அவளைக் கூப்பிடுங்கள்" என்றார்.