தாய்க்கிளைக்கு வைத்த பெயர்

குளக்கரையில் அணில் ஒன்று தேங்காய் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தது. கைதான் நாரில் இருந்தது. கண்ணோ எதிரே இருந்த நாவல் மரத்தை விட்டு விலகவில்லை.

பழைய மரம் புயலில் சாய்ந்துபோனதால் அதில் இருந்த பறவைகள், அணில்கள் எல்லோரும் அந்தப் புது மரத்துக்குக் குடிவந்திருந்தார்கள். பட்டையில் பல்லால் கீறி ஒவ்வொரு கிளைக்கும் பெயர் எழுதுவது அணிலின் வேலை. நடுவில் உள்ள தடித்த கிளைக்குத் 'தாய்க்கிளை' என்று பெயர், முட்டையிடும் கூடெல்லாம் அங்கேதான் என்று கூடிப் பேசியிருந்தார்கள். அணிலோ பழைய மரத்துப் பழக்கத்தில் 'தலைக்கிளை' என்று கீறிவிட்டது!

அந்தப் பேச்சுக்கு வராத காக்கை, தாய்க்கிளை என்று ஒன்று உண்டு என்று மட்டும் கேள்விப்பட்டு, மறுநாள் மரமெல்லாம் தேடியது.

"தாய்க்கிளையைக் காணோமே! பாவம், அணில் மறந்திருக்கும்!"

ஓரத்தில் பெயரில்லாமல் இருந்த ஒல்லிக் கிளையில் அந்தப் பெயரைத் தானே அலகால் கொத்தி வைத்தது. பேச்சுக்கு வராத மைனாவும் அதை நம்பி அங்கே கூடு கட்டத் தொடங்கியது.

அணிலுக்கு அப்போதே விஷயம் தெரியும். 'சொன்னா சிரிப்பாங்களே! ஒரு பேரு எழுதத் தெரியலைன்னு சொல்வாங்களே!' என்று வாலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மைனா நார் கேட்டபோது மறுக்கவும் முடியவில்லை.

இப்போது காற்று வீசியது. ஒல்லிக் கிளை கிடுகிடுவென்று ஆடியது.

"அணிலக்கா, நார் ஆச்சா? இன்னிக்கே முட்டை வெச்சிடுவேன் போலிருக்கு!" என்று மைனா கூவியது.

அணில் நாரைப் போட்டுவிட்டு ஓடியது.

"வேண்டாம் மைனா! அது தாய்க்கிளை இல்லை! நான்தான் பேரைத் தப்பாக் கீறிட்டேன்!"

மைனா அணிலையே பார்த்தது. "தெரிஞ்சேவா எனக்கு நார் பிய்ச்சுக் குடுத்தே?"

பக்கத்துக் கிளையிலிருந்து காக்கை பறந்து வந்தது.

"நானும் கேக்காம கொத்திட்டேன். வா, அழிப்போம்!" என்றது காக்கை.

காக்கை ஒல்லிக் கிளையில் இருந்த பெயரைச் சுரண்டி எடுத்தது. அணில் தடித்த கிளையில் பழைய பெயரை அழித்துத் 'தாய்க்கிளை' என்று கீறியது. பிறகு கூடு கூடாகப் போய்த் தன் தப்பைச் சொல்லிவிட்டு வந்தது.

"இவ்வளவுதானா வேலை? இதுக்கா ஒளிஞ்சே?" என்று காக்கை சிரித்தது.

மைனா கூட்டைப் பிரித்துத் தாய்க்கிளையில் மறுபடி கட்டியது. சாயங்காலக் காற்றில் ஒல்லிக் கிளை முறிந்து குளத்தில் விழுந்தது. எல்லோரும் பார்த்தார்கள். யாரும் அணிலை ஒன்றும் சொல்லவில்லை. அதுவே அணிலுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

"மைனா, நான் வந்து..."

"அம்மா! பசிக்குதும்மா!" என்று பொந்திலிருந்து அணிலின் குட்டிகள் கூப்பிட்டன. அணில் குனிந்த தலை நிமிராமல் போனது.

தப்பான பெயரை அன்றே சொல்லித் திருத்தினால் ஒரு கீறலோடு போய்விடும், வெட்கப்பட்டு மூடி வைத்தால் அதன்மேல் அடுத்தவர் கூடு ஏறிவிடும்.