பின்னால் கேட்ட குரல்

உமையாள் அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த மாசிலாமணி அறுபதை நெருங்கியவர். நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்து, எல்லாம் போதும் என்று வீட்டை விட்டு மடத்துக்கு வந்தவர். வந்து ஒரு வருடம் ஆகியும் ஒன்று மட்டும் அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

சித்திரை மாதத்தில் ஒருநாள். அம்மையின் குரு அடங்கிய கடற்கரைச் சமாதிக்கு இருவரும் நடந்து போவதாக ஏற்பாடு. கிளம்பும் நேரத்தில் மாசிலாமணி கேட்டார்.

"அம்மா, உடம்பு இங்க வந்துடுச்சு. மனசு வீட்டுப் பக்கமே திரும்புது. அதை எப்படி நிறுத்துறது?"

"இன்னைக்கு நீங்க முன்னால நடங்க, ஐயா. நான் பின்னால வர்றேன். சமாதி போய்ச் சேர்ற வரைக்கும் திரும்பிப் பார்க்காதீங்க."

"அவ்வளவுதானா?"

"நடந்து பாருங்க."

தண்ணீர்க் கேனைத் தோளில் மாட்டிக்கொண்டு மாசிலாமணி முன்னால் நடந்தார்.

காலையில் கஷ்டம் ஒன்றும் தெரியவில்லை. தாகம் எடுத்தபோது குடித்தார். குடித்துவிட்டு, திரும்பாமலே கேனைப் பின்னால் நீட்டினார். அம்மை வாங்கிக் குடித்துவிட்டு அவர் கையிலேயே வைத்தார்.

வெயில் ஏறியது. சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலங்காடு. ஒதுங்க ஒரு நல்ல நிழல் இல்லை. தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. பின்னால் லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. ஓரம் ஒதுங்கினாரே தவிர, மாசிலாமணி திரும்பவில்லை. தன்னால் முடிகிறது என்பதில் அவருக்குள் ஒரு தெம்பு வந்தது. நடையை எட்டிப் போட்டார்.

உச்சி வேளையில் அந்தக் குரல் கேட்டது.

"ஐயா."

அவர் நடந்தார்.

"மாசிலாமணி ஐயா, கொஞ்சம் நில்லுங்க."

அம்மை அதுவரை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மாசிலாமணி சோதனை இதுதான் என்று நினைத்துக்கொண்டார். கழுத்தை நேராக வைத்துக்கொண்டு இன்னும் வேகமாக நடந்தார். அதற்குப் பிறகு குரல் கேட்கவில்லை. தேறிவிட்டோம் என்று நினைத்தார். வீட்டு நினைப்பு அன்று ஒருமுறைகூட வரவில்லை.

பொழுது சாயும்போது கடல் தெரிந்தது. சமாதியின் முன்னால் கேனை இறக்கி வைத்தார். அதில் பாதித் தண்ணீர் இன்னும் இருந்தது. இரண்டு கைகளையும் கூப்பியபடி, நிறைந்த மனதோடு திரும்பினார்.

சாலையில் யாரும் இல்லை.

வளைவில் வந்துகொண்டிருப்பார் என்று பார்த்தார். வரவில்லை. கூப்பிய கைகள் அப்படியே கீழே இறங்கின. கேனைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே ஓடினார். மீன் ஏற்றிப்போன வண்டிக்காரர் ஒருவர் அவர் ஓடுகிற கோலத்தைப் பார்த்து ஏற்றிக்கொண்டார்.

குரல் கேட்ட இடத்தில் இறங்கித் தேடியபோது, கருவேலங்காட்டுக்குள் விறகை எரித்துக் கரிமூட்டம் போடுகிறவர்களின் குடிசை ஒன்று தெரிந்தது. வாசலில், பனையோலைப் பந்தலின் கீழ் அம்மை படுத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. செருப்பில்லாமல் நடந்த உள்ளங்கால்கள் கொப்புளித்துத் தோல் உரிந்திருந்தன. கரி படிந்த கைகளோடு ஒரு பெண் ஈரத்துணியால் அவர் நெற்றியை ஒற்றிக்கொண்டிருந்தாள். சோலையம்மாள் என்று அவளுக்குப் பெயர்.

"கூட வந்தவர் நீங்கதானா?" என்றாள். "ரோட்டுல மயங்கிக் கெடந்தாங்க. நாங்க தூக்கிட்டு வந்து தண்ணி விட்டோம். கொஞ்சம் முந்திதான் கண்ணு முழிச்சாங்க."

மாசிலாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவங்க கூப்பிட்டது மூட்டத்துக்கிட்ட நின்ன எனக்கே கேட்டுச்சு. கேட்டுத்தான் ஓடியாந்தேன். முன்னால போற ஆளுக்குக் காது கேக்காது போலன்னு நெனச்சேன்."

மாசிலாமணி கேனைத் திறந்தார். அவசரத்தில் தண்ணீர் மண்ணில் சிந்தியது. சோலையம்மாள் வாங்கி அம்மையின் வாயில் ஊற்றினாள். அம்மை மெதுவாகக் குடித்தார்.

"நீங்கதானே அம்மா திரும்பக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றார் மாசிலாமணி. அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"சொன்னேன்."

"சோதிச்சுப் பார்க்கிறீங்கன்னு நினைச்சேன்."

அம்மை அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"ஐயா, அந்தக் குரல் உங்களுக்குச் சோதனை மாதிரியா கேட்டுச்சு?"

ஆமாம் என்று சொல்ல மாசிலாமணி வாயெடுத்தார். சொல்ல முடியவில்லை.